சூளைமலையில் கூப்பிட்ட பெயர்

அண்ணி என் அண்ணனின் பெயரை வாய்விட்டுச் சொல்லி நான் ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். சூளைமலையின் உச்சியில், கரும்பாறைக் குழியின் விளிம்பில், இரண்டு கைகளையும் வாயருகே குவித்து நின்று அவர் கூப்பிட்டார். காற்று எதிரே அடித்துக்கொண்டிருந்தது. பெயரின் முதல் பாதி கம்மலாக வந்தது. இரண்டாம் பாதி உயர்ந்து போய் மலைக்கு அந்தப்புறம் விழுந்தது. அவருக்குள் அப்படி ஒரு குரல் இருந்தது எங்கள் வீட்டில் யாருக்கும் அதுவரை தெரியாது. எழுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம் அது. அந்தக் குரல் நின்ற பிறகு என்ன கேட்டது என்பதை நான் பலமுறை எனக்குள் சரிபார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறேன்.

பெரம்பலூரிலிருந்து குன்னம் போகும் பக்கத்தில் எங்கள் ஊர். கரிசல் காடு, பருத்தி, சோளம், சின்ன வெங்காயம். ஊருக்கு மேற்கே தனியாக நிற்கும் கறுப்பு மலைதான் சூளைமலை. செங்கல் சூளையைப் போல அடி அகன்று, மேலே போகப் போகக் குறுகி, உச்சியில் வெட்டிவிட்டது போல முடியும். அது அணைந்துபோன எரிமலை என்று பள்ளியில் எங்கள் பூகோள ஆசிரியர் சொல்லியிருந்தார். ஊரில் வேறு மாதிரி சொன்னார்கள்: மலைக்குள் இருந்த நெருப்பை மலைச்சாமி குடித்துவிட்டார், அதனால்தான் கல்லெல்லாம் கரி. பல ஆண்டுகளுக்குப் பிறகு எங்கள் அலுவலகத்துக்கு வந்த மண்ணியல் அதிகாரி ஒருவரிடம் கேட்டேன். அந்தக் கல் உருகி வெந்த கல்தான் என்றார். அரியலூர்ப் பக்கமெல்லாம் கடலாகக் கிடந்த காலத்துக்கும் முந்திய நெருப்பு அது என்றும் சொன்னார். முதலில் நெருப்பு, பிறகு கடல், அதற்கும் வெகுகாலம் கழித்து நாங்கள்.

அண்ணன் கிணறு வெட்டும் செட்டோடு வேலைக்குப் போகிறவர். எங்கள் ஊரில் நிலமில்லாத வீட்டு ஆண்கள் பாதிப்பேருக்கு அதுதான் பிழைப்பு. ஆந்திராப் பக்கம் கிணறு ஆழப்படுத்தப் போன செட்டு ஒரு தையில் திரும்பியது; அண்ணன் மட்டும் வரவில்லை. விஜயவாடா ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க இறங்கினார், வண்டி கிளம்பியபோது ஏறவில்லை, அடுத்த வண்டியில் வருவார் என்று நினைத்தோம் என்றார்கள். அடுத்த வண்டியிலும் வரவில்லை. அப்பா இல்லாத வீடு என்பதால் பெரியப்பா போய்த் தேடினார். போலீசில் எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரிகளில் விசாரித்தார். இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. அப்போது அண்ணிக்குக் கல்யாணமாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. குழந்தை இல்லை.

இப்படிக் காணாமல் போனவர்களுக்கென்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மூன்று தீபாவளி பார்ப்பார்கள். அதன் பிறகு வீட்டார் சூளைமலை ஏறி, அந்தக் குழியில் நெருப்பு மூட்டி, போனவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். முதலில் பெற்றவள், அடுத்து உடன்பிறந்தவர், கடைசியாகப் பெண்டாட்டி. ஒருவருக்கு ஒரு தடவைதான். பதில் இல்லையென்றால் அவர் செத்தவர்களோடு சேர்த்தி. அங்கேயே அவள் தாலியைக் கழற்றி, தாய்வீட்டார் கொண்டுவந்த கோடிச் சேலையை உடுத்திக்கொண்டு தாய்வீட்டுப் பெண்ணாக இறங்குவாள். மறுபடி கட்டிக்கொடுப்பது எங்கள் ஆட்களில் தப்பில்லை. பதில் வந்தால் அவர் உயிரோடு இருக்கிறார், அவள் அவர் பெண்டாட்டி, காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் பதில் வந்ததாக யாருக்கும் நினைவில்லை. யாரும் இல்லாத மலையிலிருந்து பதில் எப்படி வரும்?

அண்ணியின் அண்ணன் அரியலூரில் லாரி ஷெட்டில் வேலை பார்த்தார். அங்கேயே வேலை பார்த்த, மனைவியை இழந்த மெக்கானிக் ஒருவரைத் தங்கைக்காகப் பேசி வைத்திருந்தார். நல்ல மனிதர், குடியில்லை என்று பெரியப்பாவிடம் வந்து மறைக்காமல் சொன்னார். பெரியப்பாவும் நாள் குறித்தார். மருமகள் மேல் அம்மாவுக்குக் கோபம் எதுவும் இல்லை. கூப்பிட்டால் மகன் பதில் சொல்வான் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் சம்மதித்தாள்.

முந்தின நாள் சாயங்காலம் கொட்டகையில் உட்கார்ந்து நானும் அண்ணியும் வெங்காயத்தின் தாளை அறுத்துக்கொண்டிருந்தோம். அண்ணனை அவர் என்னிடம் "உங்கண்ணன்" என்பார், அம்மாவிடம் "உங்க மவன்" என்பார். ரேஷன் கடையில் கணவன் பெயர் கேட்டால் கார்டைத் திருப்பிக் காட்டுவார். நாளைக்கு அந்தப் பெயரை ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்ல வேண்டும். "வாய் வராது பாப்பா, நீ வேணா என் கொரல்ல கூப்புட்டுடேன்" என்றார். சொல்லிப் பாருங்கள் என்றேன். பசுமாட்டைப் பார்த்து "பெரி..." என்று ஆரம்பித்தார். மாடு தலையைத் திருப்பிப் பார்த்தது. இரண்டு பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். சிரித்து ஓய்ந்த பிறகு அவர் சொன்னார்: "நாளைக்கு எதுவோ ஒண்ணு முடிஞ்சாப் போதும் பாப்பா. தலைக்குப் பூ வைக்கவும் பயமா இருக்கு, வைக்காம இருக்கவும் பயமா இருக்கு."

விடியும் முன்பே கிளம்பினோம். பெரியப்பா மண்சட்டியில் வரட்டித் தணலைச் சாம்பல் மூடி எடுத்துக்கொண்டார். அண்ணியின் அண்ணன் தோளில் கிணற்று வடக்கயிறு, கையில் கோடிச் சேலை வைத்த மஞ்சள் பை. செருப்புப் போடக் கூடாது, கூப்பிட்டு முடிக்கும்வரை தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அடிவாரத்தில் உசிலையும் சூரைமுள்ளும் அடர்ந்திருந்தன. முள்ளைத் தாண்டியதும் கறுப்புப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. பாதை கிடையாது, கை வைக்கிற இடத்தில் கை வைத்து, முழங்காலை ஊன்றி ஏற வேண்டும். வெயில் ஏறியதும் கல் சுட்டது. ஓரிடத்தில் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆள் நுழையும் அகலத்துக்கு ஒரு வெடிப்பு. அண்ணியின் அண்ணன் முதலில் ஏறிக் கயிற்றை இறக்கினார். அம்மா இடுப்பில் கட்டி அவர் இழுக்க, நான் கீழிருந்து அவள் பாதங்களைத் தாங்கினேன். அம்மாவின் உள்ளங்கால் அவ்வளவு சிறியது என்று அன்றுதான் பார்த்தேன்.

அதற்கு மேலே உதிரிக் கல். உடைந்த சட்டிகளைக் கொட்டிவைத்த மாதிரி, துளைத்துளையாக, எடைக்கு லேசாக இருக்கும். ஓரடி வைத்தால் அரையடி கீழே சறுக்கும். எல்லோரும் தவழ்ந்துதான் போனோம். அண்ணி மட்டும் யாரையும் திரும்பிப் பார்க்காமல் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவர் காலிலிருந்து உதிர்ந்த கற்கள் எங்களைத் தாண்டி உருண்டு போயின. "தங்கச்சி, மெதுவா" என்று அவர் அண்ணன் குரல் கொடுத்தார். அண்ணியின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

உச்சியில் அந்தக் குழி பெரிய உரல்குழி போல இருந்தது. அடியில் மழைத் தண்ணீர் வற்றி மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு புல்கூட இல்லை. பெரியப்பா இறங்கித் தணலை ஊதி, சுள்ளி வைத்து, சாம்பிராணி போட்டார். வெளியே காற்று அப்படி அடித்தும் புகை மேலே எழவில்லை. குழிக்குள்ளேயே வட்டமாகச் சுற்றியது. அவர் மேலே வந்து கையைக் காட்டினார்.

அம்மா கூப்பிட்டாள். மாலையில் விளையாடப் போன பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டாள்: "பெரியசாமீ... ஏ சாமீ..." நாங்கள் காத்திருந்தோம். ஒரு பருந்து சுற்றியது. வேறொன்றும் இல்லை. அம்மா அப்படியே உட்கார்ந்தாள். அடுத்து நான். அண்ணனைப் பெயர் சொல்லி நானும் கூப்பிட்டதில்லை. என் குரல் எனக்கு முன்னாலேயே விழுந்துவிட்டது. பிறகு அண்ணி விளிம்புக்குப் போய் நின்று கூப்பிட்டார். கூப்பிட்டு முடித்ததும் அவர் வலது கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"ஓ... இந்தா வரேன்..."

ஆண் குரல். வடக்கே, கீழிருந்து வந்தது. அம்மா எழுவதற்குள் மறுபடி, இன்னும் தள்ளி, "இந்தா வரேன்" என்று கேட்டது. இரண்டையும் நான் கேட்டேன். பெரியப்பாவின் கையிலிருந்த சாம்பிராணிப் பொட்டலம் கீழே விழுந்தது. அம்மா சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் அந்தச் சரிவைப் பார்த்து ஓடினாள். அண்ணியின் அண்ணன் பாய்ந்து பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பாள். பெரியப்பா மெதுவாகச் சொன்னார்: "பதில் வந்துடுச்சு. இனி இதுல பேச ஒண்ணுமில்ல." அண்ணி திரும்பவில்லை. கை கழுத்திலேயே இருந்தது.

குரல் வந்த பக்கமாகவே இறங்க வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். யாரும் மறுக்கவில்லை, எல்லோருக்கும் பார்க்க வேண்டியிருந்தது. வடக்குச் சரிவில் பாதி இறங்கியபோது முதலில் ஆடுகள் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால், தோளில் துரட்டியைச் சாய்த்துக்கொண்டு, வயதான ஒருவர் மூச்சு வாங்க மேலே ஏறி வந்துகொண்டிருந்தார்.

"யாருங்க கூப்புட்டது? என்னமோ ஏதோன்னு பாதி மலை ஏறிட்டேன்."

உங்கள் பெயரென்ன என்று அண்ணியின் அண்ணன் கேட்டார். "பெரியசாமிங்க. எங்க ஊர்ல கல்ல வுட்டு எறிஞ்சா அது ஒரு பெரியசாமி மேலதான் வுழும்" என்று அவர் சிரித்தார். எங்களில் யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மலைச்சாமியின் பெயரும் பெரியசாமிதான்; அதைத் தலைப்பிள்ளைக்கு வைப்பது மலையைச் சுற்றியுள்ள ஊர்களின் வழக்கம். அதற்காகவே, கூப்பிடும் நாளில் அந்தப் பெயர்க்காரர்கள் யாரும் மலைப்பக்கம் போகக் கூடாது என்று முந்தின நாள் தண்டோரா போடுவார்கள். போட்டிருந்தார்கள். "இந்தப் பக்கம் போடலையா?" என்று அண்ணியின் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "இது வேற பஞ்சாயத்து" என்றார் பெரியப்பா. மலைக்கு அடுத்த பக்கம் ஒன்று இருப்பது எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றவில்லை.

விஷயம் தெரிந்ததும் அந்தப் பெரியவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். இவரைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு மறுபடி மேலே போய்க் கூப்பிடலாம் என்றார் அண்ணியின் அண்ணன். பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவருக்கு ஒரு தடவைதான், தன் சொந்தப் பிள்ளைக்கென்றாலும் அதுதான் என்றார். அம்மா எதையும் கேட்கவில்லை. "இது இவரு கொரல் இல்ல. பெத்தவளுக்குத் தெரியாதா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அண்ணி பெரியவரிடம் கேட்டார்: "எத்தன தடவ கொரல் குடுத்தீங்க?"

"ஒரு தடவதாம்மா."

அம்மா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டாவது என் மகன்தான் என்றாள். மலை திருப்பிச் சொல்லியிருக்கும் என்றார் அண்ணியின் அண்ணன். அப்படியானால் நாங்கள் கூப்பிட்ட பெயரை மலை ஏன் திருப்பிச் சொல்லவில்லை என்று பெரியப்பா கேட்டார். ஆடு ஒன்று கல்லைத் தள்ளிவிட்டு ஓடிய சத்தத்துக்கு நாங்கள் அத்தனை பேரும் திடுக்கிட்டுத் திரும்பினோம்.

அண்ணி அம்மாவுக்குப் பக்கத்தில் அந்த உதிரிக் கல்லின் மேல் உட்கார்ந்தார். அவர்கள் பேசியதை என்னால் வார்த்தை மாறாமல் எழுத முடியும்.

"ரெண்டாவது கொரல் எனக்கும் கேட்டுச்சு அத்தே."

"அப்பறம் என்னடி? வரேன்னு சொன்னானே."

"வரேன்னுதானே சொன்னாரு. செட்டோட கெளம்புறப்பவும் அதத்தான் சொன்னாரு. மூணு தீவாளி போச்சு."

சொல்லிவிட்டுக் கழுத்திலிருந்ததைக் கழற்றி அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். "உங்க மவன் வந்தா அவருகிட்ட குடுங்க. அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்." அவர் அண்ணன் அவசரமாக மஞ்சள் பையைத் திறந்தார். அண்ணி தலையாட்டி மறுத்துவிட்டார். "வேணாம்ணே. நான் அறுத்துட்டு வரல. குடுத்துட்டு வரேன்."

இது முறையில்லை என்றார் பெரியப்பா. ஆனால் எது முறை என்று அவராலும் சொல்ல முடியவில்லை. பதில் வந்த பிறகு என்ன செய்வதென்று அவருக்கு யாரும் சொல்லிவைத்திருக்கவில்லை. அம்மா மூடிய கையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அண்ணி எழுந்து நடக்கத் தொடங்கியபோது, "கல்லு சறுக்கும். பாத்து எறங்கு" என்று மட்டும் சொன்னாள். ஆட்டுக்காரப் பெரியவர் முன்னால் போய் வழி காட்ட, அண்ணியும் அவர் அண்ணனும் வடக்கே ரோட்டுப் பக்கம் இறங்கினார்கள். நாங்கள் மறுபடி உச்சிக்கு ஏறி, வந்த வழியே எங்கள் பக்கம் இறங்கினோம். குழியில் நெருப்பு அணைந்திருந்தது.

அந்த ஆவணியில் அண்ணிக்கு அரியலூரில் கல்யாணம் ஆயிற்று. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. அம்மா நிம்மதியாகவே வாழ்ந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். மகன் வந்துகொண்டிருக்கிறான் என்று, பஸ் தாமதமாகிற ஒருவனைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வாள். முதல் சில வருடங்கள் அவன் நெல்லூரில் இருந்தான். பிறகு மெட்ராஸ் வந்துவிட்டான் என்றாள். யாரும் சொல்லித் தெரிந்ததில்லை. ஒருநாள் காலையில் எழுந்து அவளாகவே சொல்வாள். நான் வேலையில் சேர்ந்த வருடம் விழுப்புரம். எனக்குக் கல்யாணமான பிறகு விருத்தாசலம். சத்தமில்லாமல், ஸ்டேஷன் ஸ்டேஷனாக, அவன் எங்களை நெருங்கிக்கொண்டிருந்தான். எனக்குத்தான் அது இரவில் தூக்கத்தைக் கெடுத்தது. படுக்கையில் விழுந்த கடைசி நாட்களில் ஒரு மத்தியானம் என்னைக் கிட்டே கூப்பிட்டு, "அரியலூர் வந்துட்டான்" என்றாள். அதற்குப் பிறகு அவள் அவனைப் பற்றிப் பேசவில்லை. அந்த வாரமே போய்விட்டாள்.

சூளைமலையில் இப்போது வடக்குப் பக்கம் இல்லை. ஜல்லிக்காக வெட்டி எடுத்துவிட்டார்கள். குழியின் ஒரு விளிம்பு திறந்து, கீழே ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்தே உட்புறம் தெரிகிறது. பகலில் வெடிச்சத்தம் கேட்கும். அங்கே யாரும் யாரையும் கூப்பிடப் போவதில்லை. காணாமல் போனவர்களின் படத்தை போனில் அனுப்பிக்கொள்கிறார்கள்.

போன வருடம் கண் பரிசோதனைக்காக அரியலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணியும் வந்திருந்தார். அவர்தான் என்னை முதலில் அடையாளம் கண்டு, "பாப்பா" என்றார். எனக்குத் தலை நரைத்துவிட்டது. அந்த வார்த்தையைச் சொல்ல இப்போது அவர் ஒருவர்தான் மிச்சம். மெக்கானிக் காலமாகிவிட்டார், இரண்டு பிள்ளைகள், மூத்தவன் வீட்டில் இருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவைப் பற்றிக் கேட்டார். அந்தக் கடைசி மத்தியானத்தைச் சொன்னேன். "நான் இங்கதான இருக்கேன். எங்கிட்ட யாரும் வரலயே பாப்பா" என்று சிரித்தார். அம்மாவிடம் கொடுத்தது இப்போது என்னிடம்தான் இருக்கிறது என்றேன். இருக்கட்டும் என்றார்.

அப்போது கதவருகே வந்து நின்ற நர்ஸ் சீட்டைப் பார்த்து, "பெரியசாமி" என்று கூப்பிட்டாள்.

இந்த மாவட்டத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் அந்தப் பெயர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை விழும். நான் அதற்குப் பழகியிருக்க வேண்டும்; பழகவில்லை. கூடத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். ஒருவரும் எழவில்லை. "பெரியசாமி யாருங்க, வந்திருக்காங்களா?" என்று மறுபடி கேட்டாள். பிறகு அந்தச் சீட்டை அடியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

அண்ணி என் முழங்கையைப் பிடித்திருந்தார். அழுத்தமான பிடி.

"இன்னொரு தடவ கூப்புடும்மா" என்றார் நர்ஸிடம்.

"உங்க வூட்டுக்காரராம்மா?"

"இல்லம்மா. கூப்புடேன்."

அந்தப் பெண் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி உரக்கக் கூப்பிட்டாள். நாங்கள் இருவரும் தலையைச் சாய்த்து, மூச்சை அடக்கி, கேட்டுக்கொண்டிருந்தோம்.